கைவிட்ட கிணற்றுக்குக் கடைசிக் கடமை



தண்ணீர் தரும் கிணற்றை நாம் கண்போலக் காக்கிறோம். அது வற்றிப்போனால் மோட்டாரைக் கழற்றி, குழாயை உருவிக்கொண்டு, வாயின்மேல் ஒரு சாக்கையோ பலகையையோ போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். சாக்கு மக்கும், பலகை உளுக்கும், புல் வளர்ந்து வாயை மறைக்கும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில், மணப்பாறைக்கு அருகிலுள்ள நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபர் 25ஆம் நாள் மாலை, இரண்டு வயதுக் குழந்தையொன்று பயன்படாமல் கிடந்த ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் விழுந்தது. பக்கத்தில் இன்னொரு குழி தோண்டி மீட்க முயன்றார்கள்; கடும்பாறை குறுக்கிட்டது. 29ஆம் நாள் விடியுமுன் உயிரற்ற உடலைத்தான் எடுக்க முடிந்தது. கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம்வரை நிரப்ப வேண்டுமென்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே கட்டளையிட்டிருந்தது. ஏட்டில் இருந்த கட்டளை எல்லாக் கிணற்றடிக்கும் போய்ச் சேரவில்லை.

குழந்தைக்கு மட்டுமல்ல, குடிநீருக்கும் இது கேடு. மழைநீர் மண்ணுக்குள் மெல்ல இறங்கும்போது மண்ணே அதை வடிகட்டுகிறது. திறந்த கிணறோ நேர்வழி காட்டிவிடுகிறது. உரமும் பூச்சிமருந்தும் மாட்டுச்சாணமும் கலந்த வெள்ளம் வடிகட்டப்படாமலே நிலத்தடி நீரில் சேரும். கம்போங் ராஜா போன்ற மலைப்பகுதியில், மேட்டில் இறங்கும் அழுக்கு பள்ளத்தில் ஊற்றாக வெளிப்படலாம். ஆகவே பழைய கிணற்றைக் குப்பைக்குழி ஆக்கவே கூடாது.

பெரிய தொழில்களுக்கும் இதே கடமை உண்டு. அமெரிக்காவில் டென்வர் நகருக்கு அருகே கழிவுநீரைப் பூமிக்குள் செலுத்த 1961இல் ஏறத்தாழ 3,670 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு தோண்டினார்கள். 1962இல் கழிவைச் செலுத்தத் தொடங்கியபின் அங்கே நில அதிர்ச்சிகள் ஏற்பட்டன. 1966இல் செலுத்துவதை நிறுத்தினார்கள். 1985இல் கிணற்றை நிரந்தரமாக அடைத்தார்கள். வேலை நின்றதோடு கிணற்றின் கதை முடிவதில்லை என்பதற்கு இது சான்று.

சரி, எப்படி மூடுவது? முதலில் சுற்றிலும் வேலி கட்டி, தோட்ட நிர்வாகத்திடம் அல்லது கிராமத் தலைவரிடம் சொல்லுங்கள். பழகிய ஆட்களைக் கொண்டே வேலை நடக்கட்டும். எக்காரணத்தாலும் கிணற்றுக்குள் இறங்கவேண்டாம். பழைய கிணற்றில் மூச்சுவிடக் காற்று இல்லாமற் போகலாம்.

அடுத்து, கிணற்றின் ஆழத்தை அளந்து, உள்ளே கிடக்கும் பம்பு, கயிறு, குப்பை யாவற்றையும் வெளியே எடுக்கவேண்டும். நீர் ஊறும் அடிப்பகுதியைச் சுத்தமான மணலாலும் சரளையாலும் நிரப்பவேண்டும். அதற்கு மேலே சிமெந்துக் குழம்பு அல்லது நல்ல களிமண். குழம்பை மேலிருந்து கொட்டினால் நடுவில் அடைத்துக்கொண்டு, கீழே வெற்றிடம் தங்கிவிடும். ஆகவே சிறு குழாயை அடிவரை இறக்கி, அதன் வழியே ஊற்றி, நிரம்ப நிரம்பக் குழாயை உயர்த்தவேண்டும்.

ஒருநாள் கழித்துப் பாருங்கள். தணிந்திருந்தால் மீண்டும் நிரப்புங்கள். பிறகு வாயைக் கான்கிரீட்டால் மூடி, மழைநீர் தேங்காதபடி சுற்றிலும் மண்ணை மேடாக அணைத்துவிடுங்கள். கிணறு இருந்த இடத்தைத் தோட்டத்துப் பதிவேட்டில் குறிக்கச் சொல்லுங்கள். பின்னால் வீடு கட்டுவோருக்கு அது உதவும்.

மூடுவதற்கு நாளாகுமென்றால், அதுவரை பூட்டுப்போட்ட இரும்பு மூடி அவசியம். யாராவது விழுந்துவிட்டால் நாமே இறங்காமல், உடனே 999க்குத் தொலைபேசி செய்து பொம்பாவை அழைக்கவேண்டும்.

நேயர்களே, அடுத்த ஓய்வுநாளில் லயத்தைச் சுற்றியும் காய்கறித் தோட்டத்தின் ஓரத்திலும் ஒருமுறை நடந்து பார்ப்போம். மூடாத வாய் ஒன்று தென்பட்டால், அன்றே சொல்லி மூடவைப்போம்.