உப்புக் கருவாடும் உறைப்புச் சம்பலும்

மழைக்குப் பெயர்பெற்ற எங்கள் வட்டவளையில், பொழுது புலருமுன்னரே லயத்துக் காம்பராக்களில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். கோதுமை மாவோடு தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கல்லிலே சுட்டெடுத்த தடித்த ரொட்டி, அம்மியில் அரைத்த மிளகாய்ச் சம்பல், பாலில்லாத வெறுந்தேநீர். இவையே காலையுணவு. கொழுந்து பறிக்கச் செல்லும் தாய், ரொட்டியிற் சிலவற்றைத் துணியில் முடிந்து மலைக்கு எடுத்துச் செல்வாள். எஞ்சியவை பிள்ளையின் பள்ளிக்கூடப் பைக்குள் போகும்.

சில ஆண்டுகளுக்கு முன், இடைவேளையின்போது ஒரு மாணவி தன் உணவை மேசைக்கடியில் மறைத்துவைத்து உண்பதைக் கண்டேன். "என்னம்மா சாப்பிடுகிறாய்?" என்று கேட்டேன். "ரொட்டிதான் சேர்" என்றாள். 'தான்' என்ற அவ்வொரு சொல்லில் அடங்கியிருந்த நாணம் என் நெஞ்சை உறுத்தியது. மறுநாள் அவ்வகுப்பிலே ஜமெய்க்கா என்னும் தீவின் கதையைச் சொன்னேன்.

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய ஜமெய்க்காவும் மலைகளும் தோட்டங்களும் நிறைந்த நாடு. அங்கே கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க மக்கள் அடிமைகளாக வதைக்கப்பட்டனர். அவர்களுக்கு மலிவாக உணவிடும் பொருட்டு, வட அமெரிக்கக் கடலில் பிடித்து உப்பிட்ட மீனைத் தோட்டத்துரைமார் வரவழைத்தனர். நாம் ஈரப்பலா என்று வழங்கும் மரத்தின் கன்றுகளும் அதே நோக்கத்துடன் 1793-ஆம் ஆண்டிலே தாகித்தித் தீவிலிருந்து கப்பலேறி வந்தன. 1838-இல் அடிமைத்தளை முற்றாக நீங்கியது. பின்னர் 1845 முதல் ஏறத்தாழ 36,000 இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராக அங்குச் சென்றனர். தம் மசாலாவையும் உடன்கொண்டு சென்றனர்.

அதன்பின் நிகழ்ந்ததே வியப்புக்குரியது. அடிமைகளுக்கென்று வந்த அவ்வுப்பு மீன், மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த 'ஆக்கி' என்னும் பழத்தோடு சேர்ந்து, இன்று ஜமெய்க்காவின் தேசிய உணவாக விளங்குகின்றது. இந்தியத் தொழிலாளரின் ஆட்டிறைச்சிக் கறி, அத்தீவின் காரசாரமான மிளகாயும் வாசனைத் திரவியங்களும் கலந்து, அங்குள்ள எல்லா இனத்தாரின் கொண்டாட்டங்களிலும் இடம்பெறுகின்றது. இழிவாக எண்ணி இட்ட உணவை அம்மக்கள் தம் கைப்பக்குவத்தால் உயர்த்திக்கொண்டனர்.

நம் பாட்டிமாரும் அதையேதான் செய்தனர். கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமென்று இம்மலைக்கு வந்தவர்கள், கிடைத்த மாவை ரொட்டியாக்கினர். கருவாட்டின் உப்பை ஊறவைத்து நீக்கி, புளியும் கத்தரிக்காயும் கூட்டிக் குழம்பு வைத்தனர். ஈரமண்ணில் படர்ந்த வல்லாரையைக் கிள்ளிச் சம்பலாக்கினர். லயத்தின் பின்புறப் பந்தலில் காய்க்கும் சௌசௌவை ஜமெய்க்கா மக்களும் 'சோசோ' என்றே அழைக்கின்றனர் என்றபோது வகுப்பே சிரித்தது.

ஆயினும் நேயர்களே, வறுமையை நான் புகழ வரவில்லை. நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்ததாகவும், தோட்டங்களில் அது ஏறத்தாழ முப்பத்திரண்டாக இருந்ததாகவும் 2016-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புக் கூறியது. ரொட்டியோடு பருப்பும் கீரையும் முட்டையும் சேரவேண்டும். அவற்றை வாங்கப் போதிய ஊதியமும் வேண்டும். இவை இல்லாமை நாட்டுக்கு வெட்கம், பிள்ளைக்கு அன்று.

உங்கள் வீட்டு மூதாட்டியரிடம் அவர்களுடைய சமையற் பக்குவங்களைக் கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு எழுதிவைப்பியுங்கள். பள்ளிப் பாடநூலில் இல்லாத நம் வரலாறு அவற்றிலே இருக்கின்றது.

சில நாட்களின் பின் அம்மாணவி தன் பொதியை மேசைமேல் விரித்துவைத்து, எனக்கும் ஒரு துண்டு தந்தாள். சம்பலின் உறைப்பிலே என் கண்கள் கலங்கின. "தண்ணீர் வேண்டுமா சேர்?" என்று கேட்டுச் சிரித்தாள்.