இணையவழித் தாதியர் பட்டம்: சேருமுன் சிந்திப்போம்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் சமயத்தையும் பண்பாட்டையும் பற்றிப் பேசுவது வழக்கம். நாங்களோ இன்று ஒரு படிப்பைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். அது சமயத்துக்குப் புறம்பானதன்று. வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து பணிவிடை செய்பவரையும் சேர்த்து மருத்துவத்தை நான்கு கூறாக்கியிருக்கிறார். அந்த நான்காம் இடத்தில் நிற்பவர்களே இக்காலத்துத் தாதியர். அத்தொழிலுக்குச் செல்ல நம் கந்தப்பளைத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையே இன்று விலை பேசப்படுகிறது.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறோம். எங்களோடு படித்த ஒரு தோழி, விஞ்ஞானப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தாள். தாயார் இன்றும் கொழுந்து பறிக்கிறார். ஒருநாள் கைபேசியில் ஒரு விளம்பரம் வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமாம், வீட்டிலிருந்தபடியே தாதியர் பட்டமாம், அதைத் தொடர்ந்து முதுமாணிப் பட்டமாம், பிறகு மேல்நாட்டில் வேலையாம்! முதல் தவணையை ஒரு வாரத்துக்குள் கட்டினால் கட்டணத்தில் கழிவு உண்டு என்றார் முகவர். தாயாரின் தோடும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போகத் தயாராயின. போகுமுன் அந்தத் தாய் எங்களிடம் வந்து, “நீங்க படிச்ச புள்ளைங்க, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்றார். நாங்களும் பல்கலைக்கழக மாணவர்களேயன்றி இத்துறையில் அறிஞர்களல்லர். ஆயினும் விசாரித்தோம். விசாரித்ததில் தெரிந்துகொண்டவற்றையே இங்கு கூறுகிறோம்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட்டுப் பார்ப்பான் என்று எங்கள் மிஷன் பாடசாலை வேத பாடத்தில் கேட்டிருக்கிறோம். எந்தச் சமயத்தாருக்கும் பொருந்தும் புத்தி அது. மொத்தக் கட்டணம் பத்து இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கின்படி பத்து இலட்சம் என்பது 740 முழுப் பேர்! மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும், அரிசிக்கும் மாவுக்கும் ஒரு சதமும் எடுக்காமல், ஏறக்குறைய இரண்டரை ஆண்டு உழைப்பு. அதை ஒரு கைபேசி விளம்பரத்தை நம்பிக் கொடுக்கலாமா?

இனி, இலாப நோக்குப் பல்கலைக்கழகம் என்றால் என்ன? பங்குதாரருக்கு ஆதாயம் சேர்க்கும் கம்பெனி நடத்தும் பல்கலைக்கழகம் அது. அமெரிக்காவில் 1976 இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகம் இவ்வகையில் பெயர் பெற்றது. இலாபம் தேடுவதனாலேயே ஒன்றைப் பொய்யென்று தள்ளிவிடுவது நியாயமன்று. முறையான அங்கீகாரம் பெற்று, வேலை செய்யும் தாதியருக்கு நன்றாகக் கற்பிப்பனவும் உண்டு. ஆனால் கொரிந்தியன் கல்லூரிகள் என்னும் பெரிய கம்பெனி 2015 இல் திடீரென மூடப்பட்டபோது, மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அதில் படித்த 5,60,000 பேருடைய கடனை, 2022 இல் அமெரிக்க அரசே தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. 2023 சனவரியில் புளோரிடா மாநிலத்தில் வேறொரு செய்தி வெளிவந்தது. மூன்று தாதியர் பாடசாலைகளின் பெயரால் 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டன என்று 25 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. வல்லரசு நாட்டிலேயே இப்படியென்றால், தட்டிக் கேட்க ஆளில்லாத நாம் எவ்வளவு விழிப்பாயிருக்க வேண்டும்!

எங்கள் தோழிக்காக முகவரிடம் மூன்று கேள்விகள் கேட்டோம்.

ஒன்று: இந்தப் பட்டத்தைக் கொண்டு இலங்கையில் தாதியாகப் பதிவு செய்யலாமா? நம் நாட்டில் தாதியரைப் பதிவு செய்வது 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட இலங்கைத் தாதியர் பேரவை. பட்டம் செல்லுமா என்று கேட்க வேண்டிய இடம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. வேறு நாட்டில் வேலை செய்ய வேண்டுமாயின் அந்த நாட்டுப் பதிவுச் சபையையும் கேட்க வேண்டும். முகவரின் வாய்மொழி இவற்றுள் எதற்கும் ஈடாகாது.

இரண்டு: நோயாளியின் கட்டிலருகே பயிற்சி எந்த வைத்தியசாலையில், எத்தனை மணிநேரம், யாருடைய மேற்பார்வையில்? புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860 இல் இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பாடசாலையைத் தொடங்கிய நாள் முதல், அக்கல்வி நோயாளியின் அருகிலேயே வளர்ந்திருக்கிறது. பாடத்தைத் திரையிலே படிக்கலாம். ஊசி ஏற்றவும், புண்ணைக் கழுவிக் கட்டவும், அச்சத்தில் நடுங்கும் கிழவியின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லவும் திரை கற்றுக்கொடுக்குமா?

மூன்று: தொடக்கம் முதல் முடிவு வரை மொத்தச் செலவு என்ன? இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? இதை எழுத்தில் தருவீர்களா?

முதற் கேள்விக்கு “அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார். இரண்டாவதற்கு “அந்தந்த ஊரில் நீங்களே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்” என்றார். மூன்றாவதற்கு மறுமொழியே இல்லை. அன்று மாலையே தோடும் சங்கிலியும் பெட்டிக்குள் திரும்பின.

அப்படியாயின் இணையவழிப் படிப்பே வேண்டாமா? அவ்வாறு நாங்கள் சொல்லவில்லை. அதே தோழியின் ஒன்றுவிட்ட அக்கா அரசாங்க வைத்தியசாலையில் பதிவு பெற்ற தாதி. இரவுக் கடமையும் பகற் கடமையும் மாறி மாறி வரும், குழந்தையும் சிறியது. வகுப்பறைக்குப் போக முடியாத அவருக்கு, மேற்படிப்பைத் தொலைவிலிருந்து படிப்பது பொருந்தும். அவரிடம் பதிவு இருக்கிறது; தினமும் தொடும் நோயாளிகள் இருக்கிறார்கள்; அதன்மேல் அறிவைக் கட்டிக்கொள்ளலாம். ஆகவே, இணையவழி முதுமாணிப் பட்டம் என்பது மேல்மாடி. கீழ்வீடு இல்லாதவனுக்கு மேல்மாடியை விற்கலாமா? அவர் போன்றவர்களும் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டே சேர வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 1980 இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், பதிவு பெற்ற தாதியர் தொழிலை விடாமலே படிக்கும் பட்டப் படிப்பை 1994 இல் ஆரம்பித்தது. அதன் பிராந்திய நிலையம் கண்டியில் இருக்கிறது. தொடக்க நிலையில் உள்ளவர்களுக்குச் சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் உள்ளன. மூன்று ஆண்டுப் பயிற்சி; அக்காலத்தில் நாம் பணம் கட்டுவதற்கு மாறாக நமக்கே கொடுப்பனவு தருகிறார்கள். பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களிலும் தாதியர் பட்டப் படிப்பு உண்டு.

ஆனால், ஒன்றை மறைக்க முடியாது. இந்த வாசல்கள் குறுகியவை. விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்தவர்களுக்கே பெரும்பாலும் அவை திறக்கும். நம் தோட்டப் பகுதிகளிலோ உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலைகள் குறைவு. அந்தக் குறைதான் முகவர்களை நம் லயங்களுக்கு அழைத்து வருகிறது. முகவரைத் திட்டுவதால் மட்டும் பயனில்லை.

ஆதலால் மன்றத்தார் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். அரச வர்த்தமானியில் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வந்தால் அதைக் கோயில் வாசலிலும் கடைத்தெருவிலும் ஒட்டுவோம். விண்ணப்பத்தை நிரப்ப உதவுவோம். விடுமுறை நாட்களில் பல்கலைக்கழக மாணவர்களாகிய நாங்கள் உயிரியலும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கத் தயாராயிருக்கிறோம். இடத்தை மன்றம் தரட்டும்.

எங்கள் தோழி அரசாங்கப் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறாள். கிடைக்குமா என்பதை இப்போது யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. காத்திருப்பது கடினந்தான். ஆனால் அவள் தாயின் 740 பேர் உழைப்பு இன்னும் அவள் வீட்டிலேயே இருக்கிறது. இனி இவ்வூரில் எந்தத் தாயும் கேட்க வேண்டியதைக் கேளாமல் நகையை அடகு வைக்கக்கூடாது என்பதே எங்கள் விருப்பம்.