யுவ பாரதி மைதானம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற ஆண்டுகளில் இம்மேடையில் கம்பரைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் கற்றறிந்த பெருமக்கள் பேசக் கேட்டு நாம் இன்புற்றிருக்கிறோம். அடியேனோ ரயில்வேயில் ஒரு குமாஸ்தா. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஏதேனும் பேசும்படி செயலாளர் அவர்கள் பணித்தபோது, எனக்குத் தெரிந்ததைப் பேசுவதே சபைக்கு நான் செய்யும் மரியாதை என்று தீர்மானித்தேன். எனக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று ரயில்வே, மற்றொன்று கல்கத்தாவின் கால்பந்து. 2001-ஆம் ஆண்டிலேயே ஊரின் பெயரைக் கொல்கத்தா என்று மாற்றிவிட்டார்கள். ஆயினும் நம் வாயில் பழைய பெயரே நிற்கிறது, பொறுத்தருள்க. ரயில்வேயைப் பற்றிப் பேசினால் இங்கே அமர்ந்திருக்கும் என் சக ஊழியர்களில் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே கால்பந்தைப் பற்றியே பேசுகிறேன்.

நாம் சால்ட் லேக் ஸ்டேடியம் என்று வழங்கும் மைதானத்தின் முழுப் பெயர் விவேகானந்த யுவ பாரதி கிரீடாங்கணம். கிரீடாங்கணம் என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் விளையாட்டு முற்றம் என்பதே பொருள். முற்றம் என்றால் யாது என்று இங்குள்ள தாய்மார்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுமா? நெல் காய்வதும் அங்கேதான், பிள்ளைகள் ஓடியாடுவதும் அங்கேதான், வந்தவர்கள் சற்று அமர்ந்து மோர் குடிப்பதும் அங்கேதான். வீட்டில் எல்லோருக்கும் உரிமையான இடம் அது. இந்தக் கல்கத்தா முற்றத்தை, 2017-ஆம் ஆண்டு நம் நாட்டில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைப் போட்டிக்காகப் புதுப்பித்தார்கள். அதனால் யாருக்கு என்ன வரவு, யாருக்கு என்ன செலவு என்று குமாஸ்தாவின் கண்கொண்டு பார்க்க விரும்புகிறேன்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்நகரில் கால்பந்து வளர்ந்தது கோட்டையைச் சூழ்ந்த மைதான் வெளியில். 1911 ஜூலை 29-ஆம் நாள் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது அங்கேதான். பதினொருவரில் ஒருவர் நீங்கலாக ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். ஆனால் அவ்வெளி ராணுவத்தின் பொறுப்பில் உள்ளது. நிலையான பெரிய அரங்கம் எழுப்ப இயலாது. ஆகவே பெரிய ஆட்டங்களுக்கு ஈடன் தோட்டத்துக் கிரிக்கெட் மைதானத்தை இரவல் வாங்கினார்கள். 1980 ஆகஸ்ட் 16-ஆம் நாள் அங்கே மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய ஆட்டத்தில் கலகம் மூண்டு, நெரிசலில் 16 ரசிகர்கள் மாண்டனர். ஆட்டம் பார்க்கச் சென்ற பிள்ளை வீடு திரும்பவில்லை என்றால் அந்தத் தாயின் நிலை என்ன? இன்றும் அந்நாளில் இந்நகரத்தார் இரத்ததானம் செய்து அவர்களை நினைவுகூர்கின்றனர்.

நகரின் கிழக்கே, உப்பேரியாக இருந்த சதுப்பு நிலத்தை ஹூக்ளி நதியின் வண்டலைக் குழாய் வழியே கொணர்ந்து நிரப்பி, 1960-களில் ஒரு புதிய நகருக்கு மண்ணிட்டார்கள். அந்த மண்ணின்மேல் 1984-இல் திறக்கப்பட்டது யுவ பாரதி. மூன்று அடுக்குக் காலரி. 1,20,000 பேருக்கு இடம். 1997 ஜூலை 13 அன்று நடந்த பெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு வந்தவர்கள் 1,31,000-க்கும் மேற்பட்டோர். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று மோகன் பகானை வென்றது. அந்த எண்ணிக்கையைப் பெருமையோடு சொல்லாத வங்காளியை நான் கண்டதில்லை. என் கண்ணுக்கோ வேறொன்று படுகிறது. இடம் 1,20,000, ஆள் 1,31,000. எங்கள் இலாகாவில் இதற்குப் பெயர் பெருமையன்று.

நான் இவ்வூருக்கு மாற்றலாகி வந்த பின் பழைய காலரியில் பலமுறை அமர்ந்திருக்கிறேன். 2008 மே 27-ஆம் நாள் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அணி வந்து மோகன் பகானோடு ஆடியது. புகழ்பெற்ற கோல் காவலர் ஆலிவர் கானுக்கு அது விடைபெறும் ஆட்டம். காலரி என்பது கான்கிரீட் படிக்கட்டு, அவ்வளவே. முன்பதிவில்லாப் பெட்டியைப் போல, முந்தியவனுக்கு இடம். செய்தித்தாளை விரித்து அமர வேண்டும். எழுந்தால் இடம் போயிற்று. தாகத்துக்கு நீர் தேடிக் கீழே இறங்கியவன் இரண்டாம் பாதியைப் படிக்கட்டு வழியில் நின்றே பார்ப்பான். என்னைச் சுற்றி எட்டுத் திக்கும் நோக்கினேன். ஒரு பெண்பிள்ளையையும் காணவில்லை. என் மனைவி 'எங்களையும் ஒருநாள் அழைத்துப் போனால் என்ன?' என்று கேட்டபோதெல்லாம் நான் விடை சொல்லாமல் நழுவியதற்குக் காரணம் அதுவே.

உலகக் கோப்பைக்கு ஆறு நகரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: டில்லி, கல்கத்தா, நவி மும்பை, கோவா, கொச்சி, கௌஹாத்தி. இறுதி ஆட்டம் நமக்கு வாய்த்தது. அதற்காக மைதானத்தை நெடுநாள் மூடினார்கள். அந்த நாட்களில் ஆட்டங்கள் அலைந்த கதை தனிக் கதை. 2016-இல் ஐ.எஸ்.எல். ஆட்டங்கள் ரவீந்திர சரோவர் ஏரிக்கரை மைதானத்துக்கு வந்தன; லேக் மார்க்கெட் பக்கத்து நம் இளைஞர்களுக்கு அது கொண்டாட்டமாயிற்று. 2017 பிப்ரவரியில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மோதல் சிலிகுரிக்கே போய்விட்டது! ஓரிரவு ரயில் பயணம் செய்து ஆட்டம் பார்த்துவிட்டு, மறுநாள் காலை வேலைக்குத் திரும்பியவர்களை நான் அறிவேன்.

என்ன செய்தார்கள்? முதலாவது, தரை. முன்பு அங்கே விரித்திருந்தது செயற்கைப் புல். 2011 செப்டம்பர் 2 அன்று மெஸ்ஸி அர்ஜென்டினாவின் தலைவராக இறங்கி வெனிசுலாவை 1-0 என்று வென்றதும் அந்தச் செயற்கைத் தரையில்தான். அதைச் சுருட்டி எடுத்துவிட்டு ரிவியரா பெர்முடா என்னும் இயற்கைப் புல்லை வளர்த்தார்கள். இரண்டாவது, காலரிப் படிகளின்மேல் தனித்தனி நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். உடைமாற்றும் அறைகள், விளக்குகள், கழிப்பிடங்கள், பயிற்சித் திடல்கள் இவற்றையெல்லாம் விரித்துரைக்க நேரமில்லை. நாற்காலி போட்டதன் பலனாக 1,20,000 என்றிருந்த இடம் 66,000 சொச்சமாகச் சுருங்கியது.

பழைய ரசிகர்கள் இதைக் கேட்டுக் கொதித்தார்கள். ஏழையின் காலரியைப் பிடுங்கிவிட்டார்கள் என்றார்கள். என் அபிப்பிராயம் அப்படியன்று. எண்ணில்லாத கூட்டத்தில் மனிதன் வெறும் தலை. எண்ணுள்ள நாற்காலியில் அமரும்போது அவனுக்கு ஓர் இடம் உண்டு. அவன் எழுந்து போனாலும் அது அவனுக்காகக் காத்திருக்கும். பதினாறு உயிர்களைக் கொடுத்த நகரத்துக்கு இது சிறிய வரவு அன்று. குறை சொல்லத்தான் வேண்டுமென்றால் வேறொன்று சொல்வேன். ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப் பந்தயப் பாதை கிடப்பதால், நாற்காலிக்கும் பந்துக்கும் உள்ள தூரம் மட்டும் குறையவே இல்லை. மேலடுக்கில் அமர்ந்தால் வீரர்கள் எறும்புகளாகத்தான் தெரிகிறார்கள்.

இந்தப் புதுப்பிப்பை உரைகல்லில் உரைத்தது இறுதி ஆட்டமன்று. எதிர்பாராமல் வந்த ஓர் அரையிறுதி. இங்கிலாந்தும் பிரேசிலும் கௌஹாத்தியில் ஆட வேண்டியிருந்தது. அங்கே அக்டோபர் 21-ஆம் நாள் காலிறுதி ஆட்டம் கொட்டும் மழையில் நடந்து, களம் சேறாகிவிட்டது. ஆட்டத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது அதைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். அக்டோபர் 22 அன்றுதான் பிரேசிலும் ஜெர்மனியும் இங்கே காலிறுதி ஆடியிருந்தன. மூன்றே நாளில் அதே புல்லின்மேல் மீண்டும் ஓர் ஆட்டம். தாங்குமா என்று எல்லோரும் அஞ்சினார்கள். தாங்கியது. சீட்டு விற்க இரண்டு நாள் போதுமா என்றார்கள். அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து நிறைந்தார்கள். இங்கிலாந்து 3-1 என்று வென்றது. மூன்று கோலும் பிரூஸ்டர் என்னும் பையன் அடித்தது. ஒரு ரயிலை வேறு தடத்தில் திருப்பிவிடுவதே எத்தனை தொல்லை என்று அறிந்தவன் நான். ஓர் உலகக் கோப்பை அரையிறுதியை நாற்பத்தெட்டு மணி நேரத்தில் திருப்பி ஏற்றுக்கொண்ட இந்நகரத்துக்கு என் வணக்கம்.

அக்டோபர் 28 இறுதி ஆட்டத்துக்கு 66,684 பேர். அவர்களில் மூவர் என் குடும்பத்தார். ஸ்பெயின் முதலில் இரண்டு கோல் போட்டது. இங்கிலாந்து திரும்பி ஐந்து போட்டது. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. போடனின் இரண்டாவது கோலுக்கு அவள் நாற்காலியின்மேல் ஏறி நின்றாள். பின்வரிசைப் பெரியவர் ஒருவர் கோபியாமல், அவள் விழாதபடி தோளைப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் முடிந்து வெளியே சாலைக்கு வர என் கைக்கடிகாரப்படி பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. பழைய காலரியிலிருந்து இறங்க அரைமணிக்குக் குறைந்ததில்லை.

வெளியே வந்ததும் மகள் ஜால்முரி கேட்டாள். அங்கேதான் செலவுக் கணக்கு என் கண்ணில் பட்டது. வழக்கமாக வாயிலருகே மண்குவளையில் தேநீர் விற்கும் கிழவர் இல்லை, ஜால்முரிக்காரர் இல்லை, கொடியும் தொப்பியும் விற்கும் பையன்கள் இல்லை. போட்டிக்கு முந்திய மாதங்களில் மைதானத்தைச் சுற்றிய சாலைகளிலிருந்து நடைபாதைக் கடைகளையும் குடிசைகளையும் அகற்றிவிட்டிருந்தார்கள். வெளிநாட்டார் வருகிறார்கள், ஊர் அழகாக இருக்க வேண்டுமாம். விருந்தினர் வருமுன் வீட்டைப் பெருக்குவது முறைதான். வீட்டு மனிதரையே பெருக்கித் தள்ளுவது எந்த முறை?

இதில் எனக்கு வருத்தத்தினும் வியப்பே மிகுதி. ஏனெனில் வழி கையருகிலேயே இருந்தது. ரயில் நிலையத்தில் சுமை தூக்கும் தோழரின் கையில் ஒரு பித்தளை வில்லை இருக்கும்; அதில் ஓர் எண் இருக்கும். நடைமேடையில் தேநீர் விற்க உரிமச் சீட்டு உண்டு. அந்த எண்ணால் பயணிக்கும் காப்பு, அவருக்கும் காப்பு. அறுபத்தாறாயிரம் நாற்காலிகளுக்குப் பொறுமையாக எண் எழுதியவர்கள், நெடுங்காலமாக அம்முற்றத்தில் பிழைத்த சில நூறு பேருக்கும் ஓர் எண் எழுதியிருக்கலாம். மூன்று வார விழாவுக்கு வந்து போகிறவர்களுக்காக, ஆண்டு முழுதும் மழையிலும் வெயிலிலும் அங்கேயே நின்றவர்களை விலக்கியது எனக்கு ஒப்பவில்லை. சிலர் பின்னர் திரும்பி வந்துவிட்டார்கள். தேநீர்க் கிழவரை நான் மறுபடி காணவில்லை.

கூடை நாற்காலிகளின் பிற்காலக் கதையும் உண்டு. 2025 டிசம்பர் 13-ஆம் நாள் மெஸ்ஸி மீண்டும் இம்மைதானத்துக்கு வந்தார். ஆடுவதற்கன்று, முகம் காட்ட. ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள் காத்திருந்தார்கள். அவரைச் சூழ்ந்து நின்ற பிரமுகர் கூட்டத்தால் அவர் முகமே தெரியவில்லை. சற்று நேரத்தில் அவரும் போய்விட்டார். ஆத்திரம் கொண்டவர்கள் நாற்காலிகளைப் பெயர்த்துக் களத்தில் வீசினார்கள். செய்தை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஒன்று சொல்வேன். தன் எண்ணுக்குரிய இடத்தில் ஒருவனை உட்கார வைத்துவிட்டு, அங்கிருந்து காண வேண்டியதைக் காணவிடாமல் மறைத்தால், அந்த எண் வெறும் மை.

இனி, நம் சங்கத்துக்கு உரிய விஷயத்துக்கு வருகிறேன். 2017-இல் நம் நாட்டு அணி மூன்று ஆட்டங்களிலும் டில்லியில் தோற்றது. அவ்வணியில் உலகக் கோப்பையின் முதல் இந்திய கோலை அடித்த ஜீக்சன் சிங்கும், தடுப்பாட்டக்காரர் அன்வர் அலியும் 2024-இல் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார்கள். ஆக, அந்தப் போட்டியின் பிள்ளைகள் இந்த முற்றத்துக்கே வந்து ஆடியிருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க நம் காலனியிலிருந்து எத்தனை குடும்பங்கள் போயின? விரல் மடக்கினால் ஒரு கை மீதியாகிறது. இருபது முப்பது ஆண்டுகள் இவ்வூர்ச் சோற்றை உண்டும், இவ்வூர்த் தெருவெல்லாம் ஒரே பேச்சாக இருக்கும் நாளில் நாம் கதவைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கிறோம். அண்டை வீட்டு வங்காளி தம் பூஜைப் பந்தலுக்கு நம்மை அழைக்கிறார், போகிறோம். அவருடைய மற்றொரு பந்தல் இது.

தூரம் என்ற சாக்கும் இப்போது இல்லை. 2020 பிப்ரவரியில் சால்ட் லேக் ஸ்டேடியம் மெட்ரோ நிலையம் திறந்தது. 2025 ஆகஸ்டில் எஸ்பிளனேடும் சியால்டாவும் இணைந்தபின், ஹௌராவிலிருந்து நதியின் அடியில் புகுந்து மைதானத்துக்கே நேராகச் செல்லலாம். காளிகட்டில் ஏறுவோர் எஸ்பிளனேடில் ஒருமுறை மாறினால் போதும்.

சங்கத்தின் இளைஞர் பிரிவின் சார்பில், அடுத்த பருவத்தில் ஒரு ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு செல்லச் சீட்டுகள் மொத்தமாக வாங்குவதாக இருக்கிறோம். எந்த அணிக்காகக் கூச்சலிடுவது என்பதை அவரவர் வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொண்டு வரவும். பெயர் கொடுக்க விரும்புவோர் இன்று சாப்பாட்டுக்குப் பின் வாயிலருகே என்னிடம் கொடுக்கலாம். நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். தண்ணீர்ப் புட்டியை உள்ளே விடமாட்டார்கள். ஆகையால் குழந்தைகளை முன்கூட்டியே நீர் குடிக்கச் செய்து அழைத்து வருமாறு தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன். வெளியே வரும்போது ஜால்முரி என் செலவு.