ஆள் போன பிறகும் திறந்த கதவு

நம் பிள்ளைகள் சிலர் இன்று கணினி வேலை பார்க்கிறார்கள். எங்கோ தொலைவில் இருக்கும் 'சர்வர்' என்ற பொதுக் கணினிக்குள், வீட்டில் இருந்தபடியே நுழைகிறார்கள். பின்லாந்தில் 1995ஆம் ஆண்டில் பிறந்த 'எஸ்.எஸ்.எச்.' என்ற முறை இதற்குப் பெரிதும் உதவுகிறது.

நுழைந்தவர் அப்படியே எழுந்து தேநீர் குடிக்கப் போனால்? கிராணியார் சம்பளப் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு வெளியே போவது போலத்தான். வேறொருவர் உட்கார்ந்து எதையும் மாற்றலாம். பழி இவர் தலையில் விழும்.

இதற்கு ஒரு காவல் உண்டு. லினக்ஸ் சர்வரில் 'டி.எம்.அவுட்' என்பதை 600 என்று வைப்போம். கட்டளைக்காகக் காத்திருக்கும் திரையில் 600 விநாடி, அதாவது 10 நிமிடம், எதுவும் தட்டாவிட்டால் கதவு தானே சாத்திக்கொள்ளும். வேறு செயலியைத் திறந்து வைத்திருந்தால் சாத்தாது.

'கிளையண்ட் அலைவ் இண்டர்வல்' என்ற இன்னொன்றும் உண்டு. பலர் இரண்டும் ஒன்றென நினைக்கிறார்கள். இது நம் கணினியைத்தான் "இருக்கிறாயா?" என்று கேட்கும். நாம் இல்லாவிட்டாலும் கணினி "இருக்கிறேன்" என்று சொல்லிவிடும். வகுப்பில் வராத பிள்ளைக்காகப் பக்கத்துப் பிள்ளை "உள்ளேன் ஐயா" என்பதைப் போல! இணைப்பு அறுந்ததைக் கண்டுபிடிக்கவே இது பயன்படும்.

ஆகவே, எழுமுன் 'எக்ஸிட்' என்று தட்டி வெளியேறும் பழக்கமே முதல் காவல். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.