லடலட சத்தம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பேசச் சொன்னதும் பெரிய தலைப்பாகத் தேடினேன். "உனக்குத் தெரிஞ்சதைப் பேசுடா, போதும்" என்றார் நம் செயலாளர் அண்ணன். அதனால் என் காரில் நான்கு மாதம் கேட்ட ஒரு சத்தத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

எனக்கு மில்லில் பராமரிப்புப் பிரிவில் வேலை. பேரிங் சத்தம் லேசாக மாறினாலும் "மெஷினை நிறுத்துங்கப்பா" என்று கத்துகிற ஆள். அப்படிப்பட்டவன் சொந்தக் காரில் சத்தம் வந்தபோது என்ன செய்தேன்? பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்!

கார் ஒன்பது வருடப் பழசு. முன்பக்கம் இடது சக்கரத்துப் பக்கமிருந்து 'லடலட' என்று வரும். "நீங்க இன்ஜினியர்தானே, என்னன்னு பார்க்க மாட்டீங்களா?" என்று வீட்டில் கேட்டார்கள். ரோஷம் வந்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல், "ஷாக் அப்சார்பர் போச்சு சார்" என்றார்கள். இரண்டையும் மாற்றினார்கள். ஏழாயிரம் ரூபாய். கேட்டைத் தாண்டி முதல் பள்ளத்திலேயே மறுபடி லடலட! இன்னொருவர் ஸ்டியரிங் பாக்ஸையே மாற்றச் சொன்னார்.

அன்றிரவுதான் நம் ஆட்டோ லேப் இன்ஸ்ட்ரக்டர் ஐயா ஞாபகத்துக்கு வந்தார். நாம் ஸ்பேனரோடு ஓடினால் தடுப்பாரே: "தம்பி, அதைக் கீழே வை. எப்போ வருது, எப்போ வரலை, முதல்ல அதைச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு உட்கார்ந்தேன். முதலில் டிக்கியைக் காலி செய்தேன். ஜாக்கி உருளும் சத்தமே பல பேரை ஏமாற்றியிருக்கிறது. அடுத்து வண்டியை நிறுத்தி வைத்து மெதுவாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தேன். சைலன்சர் மேல் இருக்கும் தகடு லூசாக இருந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிரும், தாண்டினால் அடங்கிவிடும். நாம் படித்த ரெசொனன்ஸ்தான். இங்கே அது இல்லை. லேசாக பிரேக் மிதித்தேன். பிரேக் பேடு ஆடினால் அப்போது சத்தம் நிற்கும். நிற்கவில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நகர்த்தினேன். டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட் தேய்ந்தால் 'டக் டக்' என்று வரும். வரவில்லை.

கடைசியில்தான் விஷயம் பிடிபட்டது. ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் சத்தமே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் லடலட! இரண்டு சக்கரமும் வெவ்வேறாக ஏறி இறங்கும்போது மட்டும் முறுக்கிக்கொள்வது எது? ஸ்டெபிலைசர் பார். அப்படியானால் அதைப் பிடித்திருக்கும் லிங்கைத்தான் பார்க்க வேண்டும்.

தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். சக்கரங்கள் தரையில் நிற்கும்போதே கையை விட்டு லிங்கை ஆட்டினார். கடகடவென்று ஆடியது. இரண்டு பக்கத்துக்கும் புதுசு போட ஆயிரத்து இருநூறு ரூபாய்தான்.

அதைக் கழற்றும்போது, "சார், இங்க வாங்க" என்றார். குரலே மாறியிருந்தது. லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், துருத்தண்ணீர் கசிந்திருந்தது. லீவர் வைத்து நெம்பினால் தாராளமாக ஆடியது. அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும், ஸ்டியரிங் நம் கையில் இருக்காது. அடுத்த வாரம் அப்பா அம்மாவோடு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலை ஏறுவதாக இருந்தோம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சத்தம் போட்டது ஒன்று, ஆபத்து இன்னொன்று. ஆபத்தானது வாயே திறக்கவில்லை. சத்தத்தைத் தேடிப் போனதால்தான் அது கண்ணில் பட்டது.

புது ஆர்ம் போட்டு, வண்டியின் பாரம் சக்கரத்தில் நிற்கும்போதுதான் புஷ் போல்ட்டை இறுக்கினார் அண்ணன். தூக்கி வைத்தபடி இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். பிறகு அலைன்மெண்ட் பார்த்தோம். சத்தம் போயிற்று. மலைக்கும் போய் வந்தோம்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள். சத்தம் எப்போது வருகிறது என்று எழுதிக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, ஓட்டிப் பாருங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் காருக்கு அடியில் போகாதீர்கள்.

ஐயா இதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். லேப்பில் நீங்கள் திட்டியபோது கோபப்பட்டிருக்கிறேன், ஐயா. இன்று என் குடும்பம் முழுசாக இருப்பதில் உங்கள் திட்டுக்கும் பங்கு உண்டு.