அயர்லாந்தின் எல்லையும் பிரித்தானியாவின் விலகலும்

அயர்லாந்துத் தீவின் வடமேற்குப் பகுதியிலே பெற்றிகோ என்றொரு சிற்றூர் இருக்கின்றது. ஊரினூடே ஒரு சிற்றாறு ஓடுகின்றது. ஆற்றின் ஒரு கரை அயர்லாந்துக் குடியரசைச் சேர்ந்தது. மறு கரை, பிரித்தானிய ஐக்கிய இராச்சியத்தின் ஒரு பகுதியாகிய வட அயர்லாந்தைச் சேர்ந்தது. பாலத்தைக் கடந்து கடைக்குச் செல்பவன் வேறொரு நாட்டினுள் நுழைந்துவிடுகின்றான். அங்கே வழங்கும் நாணயமும் வேறு. ஆயினும் அவனை மறித்து வினவுவார் எவருமிலர். 2016-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆந் திகதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று பிரித்தானிய மக்கள் வாக்களித்த வேளையில், இங்கிலாந்திலே இத்தகைய பாலங்களைப்பற்றி எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. பின்னர் நான்காண்டுகளுக்கு மேலாக இலண்டனிலும் பிரசெல்ஸிலும் நடைபெற்ற பேச்சுவார்த்தைகளில் பெருந்தடையாய் எழுந்து நின்றவை இவையே.

அந்த எல்லை ஏறக்குறைய 310 மைல் நீளமுடையது. 1921-இல் தீவு பிரிக்கப்பட்டபோது, பழைய மாவட்டங்களின் வரம்புகளே நாட்டெல்லையாக ஏற்கப்பட்டன. வயலென்றும் பண்ணையென்றும் பாராது அக்கோடு வளைந்து வளைந்து செல்லும். 1923-இல் அதன்மீது சுங்கச்சாவடிகள் தோன்றின. குறிப்பிட்ட சில தெருக்களால் மட்டுமே பொருள்களைக் கொண்டு செல்லலாமென விதியிருந்தது. மற்றைத் தெருக்களால் இரவிலே வெண்ணெய் கடத்தியவர்களின் கதைகள் அப்பகுதியில் இன்றும் வழங்குகின்றன. ஆனால், 1960-களின் இறுதியில் தொடங்கிய கலவரகாலத்தில் அவ்வெல்லை சிரிப்புக்கிடமான பொருளாக இருக்கவில்லை. ஏறத்தாழ 3,500 பேர் அக்காலத்தில் மாண்டனர். இராணுவத்தினர் சிறு தெருக்கள் பலவற்றை வெடிவைத்துத் தகர்த்தும், சீமெந்துக் கட்டிகளால் அடைத்தும் விட்டனர்; குன்றுகளிற் காவற்கோபுரங்கள் எழுந்தன.

இரு நாடுகளும் ஒரே ஐரோப்பியச் சந்தையில் இருந்தமையால், 1993-இல் சுங்கச் சோதனை நீங்கியது. 1998-இல் பெரிய வெள்ளிக்கிழமை உடன்படிக்கை கைச்சாத்தானபின் காவற்கோபுரங்களும் படிப்படியாக அகற்றப்பட்டன. அதன் பின் வளர்ந்த வாழ்க்கையைப் பார்த்தாற்றான் எல்லை திறந்திருப்பதன் பொருள் விளங்கும். வடக்கிலே கறக்கப்படும் பாலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பதப்படுத்தப்படுவதற்காகத் தெற்கே செல்கின்றது. டப்ளினில் வடிக்கப்பட்ட பியர் பெல்பாஸ்றுக்குப் போய்த் தகரத்தில் அடைபட்டு மீண்டும் தெற்கே வந்ததுமுண்டு. டொனிகோல் மாவட்டத்துப் புற்றுநோயாளர் எல்லை கடந்து டெரி நகர வைத்தியசாலையிலே கதிர்ச் சிகிச்சை பெறுகின்றனர். இருதய நோயுற்ற வடபுறத்துக் குழந்தைகளோ சத்திரசிகிச்சைக்காக டப்ளினுக்குக் கொண்டு செல்லப்படுகின்றனர்.

வாக்கெடுப்பில் 51.9 சதவீதத்தினர் விலகலை விரும்பினர். வட அயர்லாந்து மக்களில் 55.8 சதவீதத்தினரோ ஒன்றியத்தில் இருப்பதையே விரும்பினர். எனினும் கணக்கு நாடு முழுவதற்கும் ஒன்றாகவே எடுக்கப்பட்டது. அன்று தொட்டுப் பிரித்தானிய அரசாங்கம் மூன்று வாக்குறுதிகளை ஒருங்கே அளித்து வந்தது. ஐரோப்பியச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டு நீங்குவோம் என்பது ஒன்று. அயர்லாந்திலே தரையெல்லை எழாது என்பது இன்னொன்று. வட அயர்லாந்துக்கும் பிரித்தானியாவின் ஏனைய பகுதிகளுக்குமிடையே கடலிலும் எல்லை இராது என்பது மற்றொன்று. இம்மூன்றில் எவ்விரண்டையும் நிறைவேற்றலாம். மூன்றையும் நிறைவேற்ற எவராலும் இயலாது. இரு வேறு சுங்க விதிகளும் இரு வேறு உணவு விதிகளும் நிலவும்போது, பொருள்களை எங்கேனும் ஓரிடத்திற் சோதித்தே ஆகவேண்டும். இவ்வெளிய உண்மையை வாக்காளருக்கு முன்னரே எடுத்துரைக்கத் தலைவர்கள் தவறினர் என்பதே அவர்கள்மீது சாட்டத்தக்க பெருங் குற்றம்.

பிரதம மந்திரி தெரேசா மே அம்மையார், வேறு வழி காணப்படும்வரை நாடு முழுவதையும் ஐரோப்பிய ஒன்றியத்துடன் ஒரே சுங்க ஏற்பாட்டில் வைத்திருக்க இணங்கினார். 2019-இல் அவரது உடன்படிக்கையைப் பாராளுமன்றம் மும்முறை நிராகரித்தது. அவர் பதவி துறந்தார். அவருக்குப் பின்வந்த பொரிஸ் ஜோன்சன் எல்லையைக் கடலுக்கு நகர்த்தினார். பொருள்களைப் பொறுத்தவரை வட அயர்லாந்து ஐரோப்பிய விதிகளின்கீழ் இருக்கும். இங்கிலாந்திலோ ஸ்கொத்லாந்திலோ இருந்து அங்கு செல்லும் சரக்குகள் துறைமுகத்திற் சோதிக்கப்படும். இதற்கு இணங்கிச் சில வாரங்களே கழிந்த நிலையில், அவர் வட அயர்லாந்து வர்த்தகர்களை நோக்கி, பத்திரம் நிரப்புமாறு எவரேனும் கேட்டால் அதனைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிடலாம் என்றார். தாம் இணங்கியதை அவர் வாசித்திருப்பாரா என்று அன்றே பலர் ஐயுற்றனர்.

2020-ஆம் ஆண்டு ஜனவரி 31-இல் பிரித்தானியா விலகியது. அவ்வாண்டு டிசம்பர் 31-இல் இடைமாறு காலமும் முடிந்தது. மறுநாளே பத்திரங்கள் தொடங்கின. ஸ்கொத்லாந்து விதை உருளைக்கிழங்கு வட அயர்லாந்துக்குச் செல்வது தடைப்பட்டது. வேரிலே பிரித்தானிய மண் ஒட்டிய செடிகளும் அவ்வாறே நின்றன. குளிரூட்டிய சொசேஜ் கடலைக் கடக்கலாமா என்பது அரசாங்கங்கள் மோதிக்கொள்ளும் விவகாரமாயிற்று. தம்மைப் பிரித்தானியரென்றே கருதும் ஐக்கியவாதிகளுக்கு இது வெறும் வியாபாரத் தொல்லையாகத் தோன்றவில்லை; தம் நாட்டுக்குள்ளேயே தாம் அந்நியராக்கப்பட்டதாக அவர்கள் உணர்ந்தனர். 2021 பெப்ரவரியில் அச்சுறுத்தல் காரணமாகத் துறைமுகச் சோதனை உத்தியோகத்தர்கள் சிலநாள் விலக்கப்பட்டனர். ஏப்ரில் மாதம் பெல்பாஸ்றிலே பேருந்து ஒன்று தீயிடப்பட்டது. அக்கலவரத்துக்குரிய காரணங்களுள் கடலெல்லை பற்றிய மனக்கசப்பும் ஒன்றெனக் கூறப்பட்டது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் ஐக்கியவாதிகளின் பெருங்கட்சி ஆட்சியிலிருந்து விலகவே, வட அயர்லாந்து ஈராண்டுகள் மந்திரிசபையின்றி இருந்தது.

ஆங்கிலக் கால்வாயின் கரையிலும் அதே பத்திரங்கள்தாம். பிரித்தானியாவும் ஒன்றியமும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையின்படி தீர்வை இல்லை. ஆனால், ஒரு பொருளுக்குத் தீர்வை இல்லையென்று நிரூபிக்க, அது எங்கே எப்பொருள்களால் ஆக்கப்பட்டதென்று சான்று காட்டவேண்டும். உணவாயின் மிருகவைத்தியரின் சான்றிதழும் வேண்டும். பெரிய கம்பனிகள் இதற்கென எழுதுவினைஞரை அமர்த்திக்கொண்டன. சிறு வியாபாரிகள் பலர் ஐரோப்பாவுக்கு அனுப்புவதையே விட்டொழித்தனர். பிரித்தானியக் கரைகள் பலவற்றில் எடுக்கப்படும் சிப்பிகள், முன்னரே சுத்திகரிக்கப்பட்டாலன்றி உயிருடன் ஒன்றியத்துக்குட் செல்லல் ஆகாதென்றாயிற்று. 2021 ஜனவரியில் ஒல்லாந்துத் துறைமுகத்தில் வந்திறங்கிய லொறிச் சாரதிகளிடமிருந்து, பன்றியிறைச்சி வைத்த பாண் துண்டுகளைக்கூடச் சுங்கத்தினர் பறிமுதல் செய்தனர். அயர்லாந்துக் குடியரசின் லொறிகளோ இங்கிலாந்தினூடே செல்வதைக் குறைத்து, ரொஸ்லேயர் துறைமுகத்திலிருந்து நேரே பிரான்சுக்குக் கப்பலேறின. விலகலின் விளைவாகப் பிரித்தானியாவின் உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறைந்திருக்குமென்று அந்நாட்டின் வரவு செலவுப் பொறுப்பு அலுவலகம் மதிப்பிட்டுள்ளது.

இலங்கைக்கும் இதில் ஒரு சிறு பங்குண்டு. இங்கு தைக்கப்படும் ஆடைகள் முன்னர் ஒரே ஐரோப்பியச் சலுகைத் திட்டத்தின்கீழ் இலண்டனுக்கும் பாரிசுக்கும் சென்றன. இப்போது பிரித்தானியாவுக்கெனத் தனித் திட்டமொன்று உண்டு. 2023 ஜூன் முதல் நடைமுறையிலுள்ள அதன் விதிகளையும், ஐரோப்பிய விதிகளையும் ஏற்றுமதியாளர் தனித்தனியே கவனிக்கவேண்டியுள்ளது.

2023-ஆம் ஆண்டு பெப்ரவரியில் ரிஷி சுனக்கும் ஐரோப்பிய ஆணைக்குழுத் தலைவர் உர்சுலா வொன் டெர் லையனும் விண்ட்சர் நகரில் ஒரு திருத்தத்துக்கு உடன்பட்டனர். அதன்படி துறைமுகங்களில் இரு வழிகள் அமைந்தன. வட அயர்லாந்திலேயே விற்பனையாகும் சரக்குகள் பச்சை வழியாற் குறைந்த பத்திரங்களுடன் செல்லும். தெற்கே செல்லக்கூடியவை சிவப்பு வழியால் முழுச் சோதனைக்கு உட்படும். பச்சை வழியாற் செல்லும் இறைச்சிப் பொதிகளிலே, அவை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உரியவையல்ல என்ற சீட்டு ஒட்டப்படுகின்றது. 2024 பெப்ரவரியில் மந்திரிசபை மீண்டும் கூடியது. அவ்வாண்டு டிசம்பரில், இவ்வேற்பாடு மேலும் நான்காண்டு தொடரவேண்டுமா என்பது வட அயர்லாந்துச் சட்டமன்றத்தில் வாக்குக்கு விடப்பட்டது. தொடரவேண்டுமென்று 48 உறுப்பினரும் வேண்டாமென்று 36 உறுப்பினரும் வாக்களித்தனர். எதிர்த்தவர்கள் ஐக்கியவாதிகளே.

2025 மே மாதம் இலண்டனிலே கூடிய பிரித்தானியாவும் ஒன்றியமும் உணவுக்கும் செடிகொடிகளுக்கும் பொதுவான விதிகளை வகுப்பதென இணங்கின. அது நிறைவேறின், டோவரிலும் பெல்பாஸ்றிலும் மிருகவைத்தியச் சான்றிதழ்களிற் பெரும்பாலானவை வேண்டாதனவாகும். பிரித்தானியா சுங்க ஒன்றியத்துக்கு வெளியே நிற்குமட்டும் சுங்கப் பத்திரங்கள் இருந்தேயாகும். பெற்றிகோப் பாலத்திலே மட்டும் இன்றும் எவரும் எவரையும் நிறுத்துவதில்லை.