கை செய்யும் வைத்தியம்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



"உடம்பு பிடித்தல்" என்ற பொருள் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் முகத்திலே புன்னகை அரும்புவதைக் காண்கிறேன். கால் பிடித்தல் என்றால் ஏவற்றொழில் என்றும், மசாஜ் என்றால் உல்லாசப் பிரயாணிகளின் ஆடம்பரம் என்றும் எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் அது கற்றுத் தெளியவேண்டிய ஒரு கலை. எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கலாகாது என்னும் அறிவு சேரும்போதுதான் அது வைத்தியமாகிறது. இதுவே இன்று யான் வற்புறுத்த விரும்பும் கருத்தாகும்.

முதலில் நம்மவர் முறையை நோக்குவோம். சித்த மருத்துவத்திலே இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகையாக அதனைப் பகுத்துள்ளனர். எண்ணெய் இட்டும் செய்வர், இடாமலும் செய்வர். நமது ஊர்களிலே முறிவு நெரிவு வைத்தியர் நோவெண்ணெய் பூசி உருவிவிடுவதை நாம் எல்லோரும் அறிவோம். ஆயுர்வேதத்தில் அப்பியங்கம் எனப்படுவது, இளஞ்சூடான தைலத்தைத் தலை முதல் அடி வரை பூசித் தேய்ப்பதாகும். அங்கே கையைப் போலவே தைலத்துக்கும் முதன்மை உண்டு.

மேனாட்டில் பெயர் பெற்றது சுவீடன் முறை. பேர் ஹென்றிக் லிங் என்பவர் 1813 ஆம் ஆண்டிலே ஸ்ரொக்கோம் நகரில் உடற்பயிற்சிக் கல்வி நிலையம் ஒன்றை நிறுவியமையால், இம்முறையும் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்பட்டு வந்தது. ஆயினும் நீவுதல், பிசைதல், உரசுதல், தட்டுதல் என்று அதன் கைவினைகளை வகுத்த பெருமை ஒல்லாந்து வைத்தியரான மெட்ஸ்கர் (1838-1909) என்பவருக்கே உரியதென்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர்.

தாய்லாந்து முறையோ வேறு விதமானது. உடுத்த உடையோடு பாயிலே கிடத்தி, எண்ணெயின்றி, கையாலும் முழங்கையாலும் பாதத்தாலும் அழுத்தி, கை கால்களை வளைத்து இழுப்பர். பாங்கொக் நகரின் வாட் போ ஆலயத்திலே, மூன்றாம் இராமர் ஆட்சியில் (1824-1851) இக்கலை கல்லிற் பொறிக்கப்பட்டது. 2019 இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

யப்பானிலே அன்மா என்ற பழைய முறையும், பெருவிரலால் அழுத்தும் சியாற்சு என்ற முறையும் உண்டு. சுகியாமா வைச்சி (1610-1694) என்னும் கண்பார்வையற்ற பெரியார், தம்மைப் போன்றோருக்கு ஊசி வைத்தியமும் உடம்பு பிடித்தலும் கற்பிக்கப் பாடசாலைகள் அமைத்தார். இன்றும் அந்நாட்டிலே இத்தொழிலைச் செய்வதற்குப் பயிற்சியும் அரசாங்கப் பரீட்சையும் அனுமதிப் பத்திரமும் வேண்டும். நாம் ஏவற்றொழில் என்று எண்ணுவதை அவர்கள் கல்வியாக்கினார்கள். பார்வையற்றோர் பலர் அதனாலே தலைநிமிர்ந்து வாழ்கின்றனர்.

இனி, பயன் யாது? அமெரிக்காவின் மயாமி நகரிலே செய்யப்பட்ட ஓர் ஆய்வு 1986 இல் வெளிவந்தது. குறைமாதத்திற் பிறந்த குழந்தைகளை நாளுக்கு மூன்று தரம், தரத்துக்குப் 15 நிமிடமாகப் 10 நாட்கள் மெல்ல நீவிவிட்டனர். அக்குழந்தைகள், நீவப்படாத குழந்தைகளைவிட நாளொன்றுக்கு 47 சதவீதம் அதிகமாக நிறை கூடின. 2012 இல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்றிலே, 11 இளைஞர்களைக் களைக்கும்வரை பயிற்சி செய்யவிட்டு, ஒரு காலை மட்டும் 10 நிமிடம் பிடித்துவிட்டனர். பிடித்த காலின் தசையில் அழற்சிக்கான அறிகுறிகள் குறைந்திருந்தன. தசையிலே சேரும் லக்ரிக் அமிலத்தைப் பிசைந்து வெளியேற்றலாம் என விளையாட்டு வீரர் பலர் நம்புவதுண்டு. அந்த அமிலத்தின் அளவிலோ மாற்றம் எதுவும் காணப்படவில்லை. புதிதாக வந்த இடுப்பு நோவுக்கு மருந்தின்றிச் செய்யத்தக்கவற்றுள் இதனையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017 இல் சேர்த்துக்கொண்டது; எனினும் சான்று வலுவானதன்று என்றும் அதுவே கூறியது. ஆகவே, நோவு தணியும், மனம் ஆறும் என்று சொல்லுங்கள். எல்லா நோயும் தீரும் என்று சொல்வாரை நம்பாதீர்கள்.

பெரியோர்களே, இவ்விடத்திலே ஓர் எச்சரிக்கை. நெஞ்சு நோகிறது, வியர்க்கிறது, இடக்கை விறைக்கிறது என்றால், "வாய்வு" என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கலாகாது. தேய்க்கும் அந்த அரை மணி நேரமே உயிரைக் கொண்டுபோய்விடலாம். உடனே ஆசுபத்திரிக்குப் போதல் வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி நோகுமாயின், நாளத்திலே இரத்தம் கட்டியிருத்தல் கூடும். அதனை உருவினால் அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். விழுந்து அடிபட்ட இடத்தை எக்ஸ்றே பார்க்குமுன் உருவுவதும் தவறு. நீரிழிவினால் உணர்ச்சி மங்கிய பாதத்துக்குச் சூடான எண்ணெய் பகையாகும், சுட்டாலும் தெரியாது.

இளைஞர்களே! யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. ஆயினும் நமது ஊர்ப் பரியாரிமாரின் கைப்பழக்கம் முழுவதும் ஏட்டிலே இல்லை. அவர்கள் விரல்களிலேயே இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். பக்கத்தில் இருந்து பழகுங்கள். அதற்கு முன்னர், இன்றிரவே கைத்தொலைபேசியைப் பத்து நிமிடம் ஒதுக்கிவைத்து, வயல் வேலையால் ஓய்ந்த அப்புவின் முதுகையோ, நடந்து களைத்த ஆச்சியின் கால்களையோ மெல்லப் பிடித்துவிடுங்கள். நோவு எவ்வளவு குறைந்தது என்பதை அளக்க முடியாமற் போகலாம். தம்மைத் தொட்டுப் பேச ஒருவர் உண்டென்ற ஆறுதலை அவர்கள் முகத்திலே காண்பீர்கள்.